அகாமே 48 அருவிகள்: போவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஒசாகாவுக்கோ கியோத்தோவுக்கோ வருபவர்கள் கோவில், கோட்டை, கடைத்தெரு எல்லாம் பார்த்து முடித்த பிறகு "பக்கத்தில் காடு, தண்ணீர் என்று எங்காவது நடந்துவிட்டு வரலாமா" என்று கேட்பது வழக்கம். அப்படிக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் இடம் அகாமே. அதன் பிறகு வரும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

இது சரியாக எங்கே இருக்கிறது?

மியே மாகாணத்தின் மேற்கு ஓரத்தில், நாரா மாகாணத்தை ஒட்டி இருக்கும் நபாரி நகரில். முரோ-அகாமே-அவோயாமா என்ற இயற்கைப் பூங்காப் பகுதியின் ஒரு துண்டு இது. தாகிகாவா என்ற சின்ன ஆறு மலையைக் குடைந்துகொண்டு இறங்கும் வழியில், ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு அருவி, குளம், பாறை, மறுபடி அருவி என்று போகும். ஆற்றின் ஓரமாகவே நடைபாதை. ஜப்பானின் சிறந்த நூறு அருவிகள் என்று 1990இல் தேர்ந்தெடுத்த பட்டியலில் இதுவும் உண்டு.

நிஜமாகவே 48 அருவிகளா?

இல்லை. பெயர் உள்ளவை இருபதுக்குமேல் இருக்கும். பெயர் இல்லாமல் பாறை இடுக்கில் வழிவதையும் கணக்கில் சேர்த்தால் எத்தனை வேண்டுமானாலும் சொல்லலாம். ஜப்பானில் 48 என்பது "ஏராளம்" என்பதற்குச் சொல்லும் எண்; சுமோ மல்யுத்தப் பிடிகளையும் 48 என்றுதான் சொல்வார்கள். அமிதாப புத்தரின் 48 உறுதிமொழிகளோடு சேர்த்துப் பேசுபவர்களும் உண்டு. அதனால் கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடிக்கலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள், கணக்கு இடிக்கும்.

அகாமே என்றால்?

சிவந்த கண். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, மலைத்துறவுக்கு மூலவராகக் கருதப்படும் என் நோ க்யோஜா இங்கே தவம் இருந்தபோது, ஃபுடோ மியோஓ என்ற பௌத்தக் காவல் தெய்வம் சிவந்த கண்கள் கொண்ட காளைமேல் வந்து காட்சி கொடுத்தார் என்பது தலபுராணம். நுழைவாயில் பக்கம் அந்தக் காளைக்குச் சிலையே இருக்கிறது. ஃபுடோ நமக்கு அந்நியர் இல்லை, வடமொழி நூல்களில் வரும் அசலநாதர்தான். பாதையில் வேறொரு இடத்தில் கோபோ தைஷி என்ற பௌத்தத் துறவி ஹோமம் வளர்த்ததாகச் சொல்லும் பாறைக்குகையும் உண்டு. அருவி பார்க்கக் கிளம்பிவந்த நம்மவர்கள் ஜப்பானியக் காட்டுக்குள் ஹோமக் குண்டத்தின் கதையைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள் என்று யார் எதிர்பார்ப்பார்கள்.

ஒசாகாவிலிருந்து எப்படிப் போவது?

கின்டெட்சு ஒசாகா லைன். உவேஹொம்மாச்சி நிலையத்திலோ சுருஹாஷியிலோ நபாரி பக்கம் போகும் விரைவு வண்டியில் (ஜப்பானியத்தில் க்யூகோ) ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், இறங்க வேண்டியது அகாமேகுச்சி. க்யூகோவுக்குத் தனிக் கட்டணம் கிடையாது, ஐசி கார்டை (முன்பணம் போட்டுவைக்கும் பயண அட்டை) தட்டிவிட்டு ஏறிவிடலாம். சிறப்பு எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு இருக்கைச் சீட்டு தனியாக வாங்க வேண்டும், அதுவும் அவை வழக்கமாக நிற்பது அடுத்த நிலையமான நபாரியில். அங்கே இறங்கி ஒரு நிலையம் திரும்பி வர வேண்டியிருக்கும். அந்தப் பணத்தைச் செலவழித்து நீங்கள் மிச்சம் பிடிக்கும் நேரம் பெரிதாக ஒன்றுமில்லை.

கியோத்தோவிலிருந்தோ நாராவிலிருந்தோ வருபவர்கள் யாமாதோ-யாகியில் வண்டி மாறினால் சரி. நகோயாவிலிருந்து வருபவர்கள் இசே-நாககாவாவில் மாறுவார்கள்.

அகாமேகுச்சியில் இறங்கியபிறகு பேருந்து, பத்து நிமிடம்தான். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். நாளுக்குச் சில பேருந்துகளே ஓடுகின்றன, வார நாட்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நீண்ட இடைவெளி விழும். அதனால் முதலில் பேருந்து நேரத்தைப் பாருங்கள், அதற்கு ஏற்ற ரயிலைப் பிறகு தேர்ந்தெடுங்கள். ரயிலை முதலில் பார்த்துவிட்டுப் போய் இறங்கினால், சின்ன ஊர் நிலையத்தில் குளிர்பானம் விற்கும் இயந்திரத்தோடு பேசிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஜேஆர் பாஸ் செல்லுமா?

செல்லாது. அது ஜேஆர் நிறுவனத்தின் ரயில்களுக்கான பாஸ், கின்டெட்சு வேறொரு தனியார் நிறுவனம். அவர்களே வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனியாக ஒரு ரயில் பாஸ் விற்கிறார்கள், நாரா, இசே எல்லாம் சேர்த்துச் சுற்றுவதாக இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் அகாமே மட்டும் என்றால் சாதாரணச் சீட்டே போதும்.

கார் எடுத்துப் போகலாமா?

தாராளமாக. மெய்ஹான் நெடுஞ்சாலையில் ஹாரி என்ற இடத்தில் இறங்கினால் அங்கிருந்து அரை மணி நேரம் போல. நுழைவாயில் முன்னால் கட்டண நிறுத்துமிடங்கள் உண்டு. இலையுதிர்காலச் சனி ஞாயிறுகளில் மட்டும் காலையிலேயே போய்விடுங்கள்.

உள்ளே போகக் கட்டணம் உண்டா?

உண்டு. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு சின்ன நீர்வாழ் உயிரினக் காட்சியகத்தின் வழியாகத்தான் பள்ளத்தாக்குக்குள் நுழைவீர்கள், அந்தச் சீட்டிலேயே இரண்டும் அடக்கம். முன்பு சாலமாண்டர் (பல்லி உருவத்தில் இருக்கும் நீர்நில வாழ்வி) மையம் என்று இருந்ததை 2024இல் புதுப்பித்து அகாமே அருவி நீர்வாழ் காட்சியகம் என்று பெயர் மாற்றித் திறந்தார்கள். கையில் ஆயிரம் யென் தாள்கள் சில இருக்கட்டும், பேருந்துக்கும் கடைத்தெருவுக்கும் உதவும். சாதாரண நாட்களில் மாலை ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள், குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம். குளிர்காலத்தில் வார விடுமுறை நாளும் உண்டு என்பதால் கிளம்புவதற்கு முன் அவர்களுடைய இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? வழியில் வரிசையாக என்னதான் இருக்கிறது?

கடைசி அருவி வரை நின்று பார்த்துப் போக ஒன்றரை மணி நேரம், திரும்பி வர ஒரு மணிக்கு மேல். சாப்பிட, உட்கார எல்லாம் சேர்த்தால் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போன வழியே திரும்பும் பாதை, வட்டப் பாதை இல்லை.

உள்ளே நுழைந்ததும் முதலில் வருவது க்யோஜா அருவி, சின்னது. அடுத்தது ரெய்ஜா, பாறைமேல் வெள்ளைப் பாம்பு ஏறுவதுபோல் தெரிகிறது என்று அந்தப் பெயர், எனக்கு இன்றுவரை பாம்பு தெரிந்ததில்லை. அதைத் தாண்டியவுடன் ஃபுடோ அருவி, 15 மீட்டர். அந்தக் காலத்தில் "அருவிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன்" என்றால் இதற்கு வருவதைத்தான் குறிக்கும். மெய்ஜி காலத்தின் (1868-1912) நடுப்பகுதி வரை இதற்கு அப்பால் யாரும் போகவில்லை, புனிதக் காடு என்று விட்டுவைத்திருந்தார்கள். நீங்கள் அதற்கு மேல் வைக்கும் ஒவ்வொரு அடியும் ஒரு காலத்தில் போகக்கூடாத இடத்தில் வைக்கும் அடி என்பதை நினைத்துக்கொண்டு நடந்துபாருங்கள்.

அடுத்தது செஞ்ஜு, ஆயிரம் கைகள் கொண்ட அவலோகிதேஸ்வரரின் பெயர். இதுவும் 15 மீட்டர்தான், ஆனால் ஒரே தாரையாக விழாமல் பாறை மேடு பள்ளங்களில் பட்டுப் பல கிளையாகப் பிரிந்து இறங்கும். எதிரில் உட்கார இடம் இருக்கிறது. கூட்டம் அதிகம் நிற்பதும் இங்கேதான்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நுனோபிகி, 30 மீட்டர், இருப்பதிலேயே உயரமானது. மேலிருந்து கீழ்வரை கிட்டத்தட்ட ஒரே அகலத்தில், நறுக்கிவைத்த வெள்ளைத் துணியாக இறங்கும். பக்கத்தில் இருக்கும் படிகளில் மூச்சு வாங்க ஏறினால் அருவியின் தலைக்கே வந்துவிடுவீர்கள். அங்கே ர்யூகட்சுபோ என்ற வட்டக் குழி இருக்கிறது, டிராகன் குடியிருக்கும் பானை என்று அர்த்தம். தண்ணீர் சுழன்று சுழன்று பாறையைக் கடைந்து எடுத்த குழி, அடி தெரியாத கரும்பச்சை. கீழே அவ்வளவு இரைச்சல் போட்டுக்கொண்டு விழும் தண்ணீர் அதற்கு முந்தின நொடியில் இந்தக் குழிக்குள் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டு இருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பிறகு ஹ்யாகுஜோ-இவா, நூறு தாதாமி பாய் விரிக்கலாம் என்று பெயர் வாங்கிய பெரிய தட்டைப் பாறை. சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அதைத் தாண்டினால் நானாய்ரோ-இவா, குளத்தின் நடுவே நிற்கும் ஒற்றைப் பாறை. அதன் தலையில் பைன், செர்ரி, மேப்பிள் என்று ஏழு வகை மரம் செடிகள் முளைத்திருப்பதால் ஏழுவண்ணப் பாறை. அதற்கப்புறம் சின்னச் சின்னதாக நிறைய வரும். தலைமேல் பொட்டுப் பொட்டாகச் சொட்டும் மழை அருவி, மண்டையோடு மாதிரிப் பாறை இருக்கும் ஒன்று, இப்படி.

பிறகுதான் நினாய். உயரம் என்னவோ 8 மீட்டர்தான். நடுவில் பெரிய பாறை ஒன்று நின்று தண்ணீரை இரண்டாகப் பிரித்து, தோளில் காவடி எடுத்தவருக்கு இருபுறமும் சுமை தொங்குவதுபோல இரண்டு தாரையும் சமமாக இறங்கிக் கீழே ஆழமான குளத்தில் சேரும். பெயரின் பொருளும் சுமை தூக்குவதுதான். பாதை சற்று மேடாக இருப்பதால் அதற்கு மேலே இருக்கும் இன்னொரு அருவியும் குளமும் சேர்ந்தே கண்ணில் படும். அகாமே சுவரொட்டிகளில் நீங்கள் பார்க்கும் படம் பெரும்பாலும் இதுதான்.

அதையும் தாண்டிப் போனால் பிவா அருவி, 15 மீட்டர். குளத்தோடு சேர்த்துப் பார்த்தால் பிவா என்ற நரம்பு வாத்தியத்தின் வடிவம். கடைசியில் பக்கத்தில் குகை இருக்கும் சின்ன அருவி ஒன்று. அதோடு அருவிகள் முடிந்தன. பாதை மட்டும் அதற்கு மேலும் மலைக்குள் போகிறது.

நேரம் இல்லை, பாதியில் திரும்பிவிடலாமா?

பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நுனோபிகி வரை நிதானமாக நடந்தால் அரை மணி நேரம், மிக உயரமான அருவியைப் பார்த்தாயிற்று, படம் எடுத்தாயிற்று, இனி என்ன என்று திரும்பிவிடுவார்கள். சுற்றுலாப் பேருந்தில் வரும் கூட்டத்துக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அகாமேயில் உயரத்துக்கு அவ்வளவு மதிப்பு கிடையாது. உயரம்தான் வேண்டும் என்றால் இதே கன்சாய் பகுதியில் நாச்சி இருக்கிறது, 133 மீட்டர், இதெல்லாம் அதன் முழங்காலுக்குக்கூட வராது. இந்தப் பள்ளத்தாக்கின் அழகு, தண்ணீர் ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு வேறு விதமாக விழுவதில்தான் இருக்கிறது, அது பிடிபடுவதே ஹ்யாகுஜோ-இவாவைத் தாண்டிக் கூட்டம் குறைந்த பிறகுதான். அதனால் என் பதில்: நினாய் வரை போவதற்கு நேரம் இருந்தால் வாருங்கள். இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அந்த நாளை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டு இன்னொரு தடவை இங்கே வரலாம்.

நடை கடினமா? அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வரலாமா?

மலையேற்றம் என்று சொல்ல மாட்டேன். சிமெண்டும் கல்லும் போட்ட பாதை, அருவிகளை ஒட்டி ஏறும் இடங்களில் படிகள், ஓரத்தில் பல இடங்களில் கம்பி. ஆனால் படிகள் நிறைய, அதுவும் ஒரே உயரத்தில் இல்லாத படிகள், அருவியை ஒட்டியவை எப்போதும் ஈரம். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். திருப்பதி படியேறிப் பழகிய அம்மாக்கள் சிரமமே இல்லாமல் கடைசி வரை போய்விடுவார்கள், நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் மகன்தான் நுனோபிகி படியில் நின்றுவிடுவான்.

வயதானவர்களோடு வந்தால் செஞ்ஜு வரை அவர்கள் தாராளமாக வரலாம். அங்கே ஒருவர் துணைக்கு உட்கார, மற்றவர்கள் மேலே போய்விட்டு வரலாம். குழந்தை வண்டி கொண்டுவரவே வேண்டாம். கைக்குழந்தையைத் தோள் பையில் சுமந்து வருபவர்களை நிறையப் பார்க்கலாம்.

குளிக்கலாமா?

துண்டு கொண்டுவராதீர்கள். தண்ணீரில் இறங்கிக் குளிக்கும் இடமல்ல இது. குளங்கள் ஆழம், பாறை வழுக்கும், அதோடு ஆறு முழுவதும் பாதுகாக்கப்பட்ட சாலமாண்டரின் வீடு. அருவியைப் பார்த்தவுடன் தலையைக் கொடுக்கத் தோன்றும் நம் ஆட்களுக்கு இது கொஞ்சம் மனக்கஷ்டம்தான், என்ன செய்ய. அதற்குப் பதில் நுழைவாயில் பக்கத்து விடுதியில் வெந்நீர் ஊற்றுக் குளியல் உண்டு. தங்காதவர்களையும் அனுமதிக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போனால் நடந்து வலித்த காலுக்கு இதமாக இருக்கும்.

என்ன செருப்பு, என்ன உடை?

அடிப்பாகம் தேயாத ஷூ. புது ஷூவைவிடப் பழகிய ஷூ. ஹவாய் செருப்பில் வருபவர்களைப் பார்த்தால் எனக்கே கால் கூசும். ஆகஸ்டில்கூடப் பள்ளத்தாக்குக்குள் குளிர்ச்சி இருப்பதால் மெல்லிய மேலாடை ஒன்று பையில் இருக்கட்டும்.

அந்த ராட்சத சாலமாண்டரை ஆற்றில் பார்க்க முடியுமா?

பகலில் பார்ப்பது அபூர்வம். பகல் முழுவதும் கரைப் பாறைக்கு அடியில் பொந்தில் கிடந்துவிட்டு இரவில்தான் இரை தேடக் கிளம்பும் பிராணி. அதனால் காட்சியகத்தை "இதென்ன தொட்டிதானே" என்று வேகமாகக் கடந்துவிடாதீர்கள். உலகத்தில் இருக்கும் மிகப் பெரிய நீர்நில வாழ்விகளில் ஒன்று, ஒன்றரை மீட்டர் வரை வளரும், ஐம்பது வருடத்துக்கு மேலும் வாழும். 1952 முதல் ஜப்பானின் சிறப்பு இயற்கைச் சின்னம். ஆற்றில் கண்டால் தொடக்கூடாது, பிடிக்கக்கூடாது, சட்டப்படி குற்றம்.

தொட்டி முன்னால் ஐந்து நிமிடம் பொறுமையாக நில்லுங்கள். முதலில் ஒரு பாறைதான் கிடக்கிறது என்று நினைப்பீர்கள். பிறகு அந்தப் பாறைக்கு அகலமான வாய் இருப்பது தெரியும். கண் எங்கே என்று தேட வேண்டும், குண்டூசித் தலை அளவுக்கு இரண்டு புள்ளி, இமையே கிடையாது. தோலில் மருக்கள், பக்கவாட்டில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் சதை, அந்தத் தோல் வழியாகத்தான் பெரும்பாலும் சுவாசிக்கிறது. எப்போதாவது மெதுவாக மேலே வந்து ஒரு வாய்க் காற்றை வாங்கிக்கொண்டு மறுபடி பாறையாகிவிடும். சீண்டினால் வெள்ளையாகப் பசைபோல ஒன்றைச் சுரக்கும், அதன் வாசனை சான்ஷோ என்ற ஜப்பானிய மிளகைப்போல் இருப்பதால்தான் ஜப்பானியத்தில் இதற்குச் சான்ஷோவோ என்று பெயர்.

இதில் ஒரு வருத்தமான கதையும் உண்டு. முன்பு சீனாவிலிருந்து கொண்டுவந்த சாலமாண்டர்கள் ஆறுகளில் கலந்து, உள்ளூர் இனத்தோடு சேர்ந்து கலப்பினமாகப் பெருகிவிட்டன. கியோத்தோவின் காமோ ஆற்றில் நடந்தது இந்த நபாரிப் பகுதியிலும் நடந்திருக்கிறது. பார்வைக்கு வித்தியாசம் சொல்வது கடினம், மரபணுச் சோதனை செய்துதான் பிரிக்கிறார்கள். 2024 ஜூலையில் சீன இனத்தையும் கலப்பினத்தையும் ஆக்கிரமிப்பு அயல் உயிரினங்களாக அரசு அறிவித்தது. ஒரே ஆற்றில் ஒன்றுக்கு அவ்வளவு பாதுகாப்பு, அதன் சாயலிலேயே இருக்கும் இன்னொன்றைப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

எல்லோரும் சொல்வது இலையுதிர்காலம். அக்டோபர் கடைசியில் மேல்பகுதியில் சிவக்கத் தொடங்கி, நவம்பர் கடைசிக்குள் நிறம் மெல்ல நுழைவாயில் வரை இறங்கிவரும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாட்களின் வார இறுதியில் ஒற்றையடிப் படிகளில் மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் மாறி மாறி வழி விட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால் மே மாதம், அதுவும் மாதத் தொடக்கத்தில் வரும் கோல்டன் வீக் தொடர் விடுமுறை முடிந்த பிறகு வரும் வார நாள். மேப்பிள் இலைகள் இளம்பச்சையாக, வெயில் அதனூடே விழுந்து குளத்துத் தண்ணீர் வரைக்கும் பச்சையாகத் தெரியும். பாறை முழுக்கப் பாசி, இந்த ஊரில் பாசியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவே வருபவர்கள் இருக்கிறார்கள். ஜூன் நடுவிலிருந்து ஒரு மாதம் மழைக்காலம். ஆகஸ்டில் ஒசாகா கொதிக்கும்போது இங்கே நிம்மதி, ஆனால் கொசுவும் சூசுமேபாச்சி என்ற பெரிய குளவியும் உண்டு, குளவி வந்தால் கையை வீசாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். ஜனவரி, பிப்ரவரியில் நல்ல குளிர் விழுந்தால் அருவிகளின் ஓரம் உறைந்து பனிக்கட்டி விழுதுகள் தொங்கும், அதைப் பார்க்க என்றே வருபவர்கள் உண்டு. அப்போது பாதையும் உறையும் என்பதால் ஷூவில் மாட்டும் பற்கள் இல்லாமல் உள்ளே தூரம் போக வேண்டாம். இலையுதிர்காலத்திலிருந்து குளிர்காலம் வரை சில மாதங்கள் மாலையில் நுழைவாயில் பக்கத்து அருவிகளை ஒட்டி மூங்கில் விளக்குகள் ஏற்றுவதும் உண்டு, அதற்கு நேரம் வேறு.

மழை பெய்தால்?

தூறல் என்றால் சந்தோஷமாகப் போங்கள், அருவிக்கு மழைதானே சாப்பாடு. கூட்டம் இருக்காது, பாசி பளபளக்கும். குடையைவிட மழைக்கோட்டு வசதி, படிகளில் ஒரு கை கம்பிக்கு வேண்டும். கனமழை, புயல் என்றால் பாதையையே மூடிவிடுவார்கள். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை புயல் காலம். புயல் போன மறுநாள் வானம் தெளிந்துவிட்டது என்று கிளம்பாதீர்கள், மரம் விழுந்து பாதையைச் சரிசெய்துகொண்டிருக்கலாம், அன்று காலை ஒருமுறை நிலவரம் பார்த்துவிடுங்கள்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

நுழைவாயில் தெருவில் சில கடைகள் இருக்கின்றன, உடோன், சோபா நூடுல்ஸ், பொரித்த அயிட்டங்கள், இகா மாட்டிறைச்சி. சைவம் என்றால் கஷ்டம், காய்கறி மட்டும் போட்ட உடோன் என்று எழுதியிருந்தாலும் அந்தச் சாறு காய்ந்த மீனில் எடுத்ததாகத்தான் இருக்கும். ஒசாகாவிலேயே கடையில் உமேபோஷி (உப்பில் ஊறவைத்த புளிப்புப் பழம்) வைத்த ஒனிகிரி (சோற்று உருண்டை), பழம், ரொட்டி வாங்கிக்கொண்டு வாருங்கள். வீட்டில் சமைக்க வசதி இருந்தால் புளியோதரைக்கு இணை கிடையாது, ஹ்யாகுஜோ-இவாவில் உட்கார்ந்து பிரித்தால் தெரியும். குப்பைத்தொட்டி தேடாதீர்கள், கொண்டுவந்ததை எடுத்துக்கொண்டு போவதுதான் இங்கே வழக்கம்.

கடைத்தெருவில் ஒரு விசேஷம்: ஹெகோகி மஞ்சூ. சர்க்கரைவள்ளிக்கிழங்கில் செய்யும் சூடான இனிப்புப் பலகாரம், பெயருக்கு அர்த்தம் குசு விடும் மஞ்சூ. கிழங்கு தின்றால் என்ன ஆகும் என்று கடைக்காரர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகளிடம் பெயரை விளக்கிச் சொன்னால் திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சாக இருக்கும், யோசித்துச் சொல்லுங்கள். ருசி நன்றாகத்தான் இருக்கும்.

நிஞ்ஜா, நிஞ்ஜா என்கிறார்களே?

நபாரி பழைய இகா நாட்டின் ஒரு பகுதி. இகா நிஞ்ஜாக்களின் தலைவர்களில் ஒருவரான மோமோச்சி இந்தப் பள்ளத்தாக்கில்தான் ஆட்களைப் பயிற்றுவித்தார் என்பது ஊர்க்கதை. ஓடா நொபுனாகா என்ற போர்த்தலைவர் 1581இல் பெரும் படையை அனுப்பி இகாவை அழித்தது மட்டும் கதையல்ல, வரலாறு. இன்று நுழைவாயில் பக்கத்தில் நிஞ்ஜா உடை போட்டுச் சுவர் ஏறி, நட்சத்திரக் கத்தி வீசி விளையாடும் பயிற்சித் திடல் இருக்கிறது. பிள்ளைகள் இருந்தால் முன்பதிவு செய்துவிடுங்கள், அருவி நடையைவிட அவர்களுக்கு அதுதான் பிடிக்கும். பெரியவர்கள் மட்டும் என்றால் அந்த நேரத்தை நடைக்குக் கொடுங்கள்.

பாறைகள் ஏன் தூண் தூணாக வெடித்து நிற்கின்றன?

சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பயங்கரமான எரிமலை வெடிப்பு நடந்து, கொதிக்கும் சாம்பலும் கல்லும் தடிமனான படுகையாகப் படிந்தன. அந்தச் சூட்டிலேயே ஒன்றோடொன்று ஒட்டி இறுகி, ஆறும்போது சுருங்கி, மேலிருந்து கீழாக விரிசல் விட்டன. ஆறு அந்த விரிசல்களைப் பிடித்துக்கொண்டு அறுத்துப் போனதால்தான் செங்குத்துச் சுவர்களும் இத்தனை அருவிகளும்.

ஒசாகாவிலேயே மினோ அருவி இருக்கிறதே, அது போதாதா?

அரை நாள்தான் இருக்கிறது, குழந்தை வண்டி இருக்கிறது, பேருந்து நேரம் பார்த்து ஓட முடியாது என்றால் மினோவுக்கே போங்கள். ஹான்க்யூ ரயிலில் இறங்கி நல்ல தார்ப் பாதையில் முக்கால் மணி நடந்தால் 33 மீட்டர் அருவி, வழியில் மேப்பிள் இலை பஜ்ஜி. நல்ல இடம். ஆனால் அங்கே ஓர் அருவி, அதற்கு ஒரு வழி. இங்கே வழி முழுக்க அருவி.

படம் எடுக்க எந்த நேரம்?

மேகமூட்டம் உள்ள நாள். ஆழமான பள்ளத்தாக்கு என்பதால் வெயில் நாளில் பாதி வெள்ளை, பாதி கருப்பாகத்தான் விழும். முக்காலி வைத்தால் பாதை அடைபடும், பின்னால் ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே நாளில் வேறு எங்காவது சேர்த்துக்கொள்ளலாமா?

காலையில் அகாமே, மாலையில் கிளம்பினால் ஒசாகாவில் இரவுச் சாப்பாடு, அவ்வளவுதான் என் கணக்கு. ஆனாலும் கேட்பீர்கள் என்பதால்: ஒசாகா திசையில் இரண்டாவது நிலையம் முரோகுச்சி-ஓனோ, அங்கிருந்து பேருந்தில் முரோஜி கோவில். 16 மீட்டரே உயரமுள்ள ஐந்தடுக்குக் கோபுரம், 1998 புயலில் மரம் விழுந்து சேதமாகி, பின்பு 2000இல் சீரமைத்து நிற்கிறது. இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டு இடத்திலும் பேருந்துக்காக ஓடுவீர்கள். நபாரியில் ஓர் இரவு தங்கினால் மறுநாள் முரோஜியோ, இகா-உவேனோ நிஞ்ஜா அருங்காட்சியகமோ, இலையுதிர்காலம் என்றால் சோனி மேட்டுநிலத்து நாணல் வெளியோ நிதானமாகப் பார்க்கலாம்.

போன் சிக்னல் இருக்குமா?

நுழைவாயிலில் இருக்கும். உள்ளே போகப் போக நம்ப முடியாது. திரும்பும் பேருந்து அட்டவணையை முன்பே படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், உள்ளே பிரிந்து போவதாக இருந்தால் எத்தனை மணிக்கு எங்கே சேர்வது என்று பேசிவைத்துவிடுங்கள். கழிப்பறைக்கும் நுழைவாயிலிலேயே போய்விடுவது நல்லது.

கடைசிப் பேருந்தை விட்டுவிட்டால்?

நுழைவாயில் கடைகளிலோ விடுதியிலோ கேட்டால் டாக்சிக்கு போன் போட்டுக் கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் நிலையம் வரை நடக்கலாம், இறக்கம்தான், வயல்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் பிடிக்கும். இருட்டிய பிறகு தெருவிளக்கு குறைவு என்பதால் போனில் டார்ச்சுக்கு மட்டும் சார்ஜ் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.